எட்டாவது விளக்கு

அக்கா கேட்டது ஒன்று. நான் செய்தது இரண்டு. கேட்டதை மட்டும் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால், இதை எழுதும் வேலையே எனக்கு இருந்திருக்காது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீடு. தறிக்கு அட்டை குத்திக் கொடுப்பவர். பட்டுப்புடவைக் கரையில் மயிலோ கோபுரமோ வர வேண்டுமென்றால், தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு ஓட்டை போட்ட அட்டைகள் வேண்டும். எந்த இழை எழும்ப வேண்டும், எது படுத்துக் கிடக்க வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள்தான் சொல்லும். ஓர் ஓட்டை விட்டுப்போனால் புடவை நெடுக ஒவ்வொரு மயிலிலும் அந்தப் பிழை வரும். அக்காவுக்கு அறுபதை நெருங்கும் வயது. அவர் குத்திய அட்டையை எங்கள் தெருவில் யாரும் சரிபார்த்ததில்லை. கேட்டால், "அக்கா அட்டையையா?" என்று சிரிப்பார்கள்.

எங்கள் பக்கம் இன்னொரு பழக்கமும் உண்டு. புது அட்டை தறியில் ஏறும் நாளில் முதல் அட்டைக்கு மஞ்சளும் குங்குமமும் வைப்பார்கள். குத்தியவரைக் கூப்பிட்டு முதல் மிதியை அவரையே மிதிக்கச் சொல்வார்கள். அக்காவுக்குக் கைராசி என்று பேர். கல்யாணப் புடவை என்றால் அக்காதான் வந்து மிதிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீடுகள் இருந்தன. அன்றைக்கு மட்டும் அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டு, தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்து போவார்.

இப்போது என்னைப் பற்றி. நான் வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்டருக்கு மை ஊற்றுவது, லேப்டாப்புக்குத் திரை மாற்றுவது, கடை கடையாகப் போய் கேமரா மாட்டுவது. இது பிழைப்பு. பைத்தியம் வேறு. பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள்தான் என் பைத்தியம். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பாக, டிவியில் சொருகினால் ஓடுமே, அந்தக் காலத்துச் சாமான். அதற்குப் புதிதாகச் செய்து விற்கும் டிரைவுகள், வேகமாக ஓடவைக்கும் ஆக்சிலரேட்டர் கார்டுகள், இதற்கென்றே இணையத்தில் ஒரு குழு, அதில் படம் போட்டு ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொள்வது. என் வீட்டுக்காரி இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

அப்படி ஒரு கம்ப்யூட்டர் எதிர்வீட்டிலேயே, அதுவும் இன்னும் வேலை செய்துகொண்டு இருந்தது என்றால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! அக்காவின் தம்பி ரேடியோ மெக்கானிக். இப்போது உயிரோடு இல்லை. சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த அந்தப் பெட்டியை வாங்கி, அக்காவுக்காகவே ஒரு ப்ரோகிராம் எழுதி, மரப்பலகையில் எட்டு சின்ன விளக்குகள் வைத்துக் கொடுத்திருந்தார். டிவியில் டிசைன் நிற்கும். அட்டை குத்தும் மெஷினில் எட்டுக் கட்டைகள், ஹார்மோனியம் மாதிரி. அதற்கு நேர் மேலே எட்டு விளக்குகள். எது எரிகிறதோ அந்தக் கட்டையை அமுக்கிக் காலால் மிதித்தால் ஓட்டை விழும். 'கீக்' என்று ஒரு சத்தம். அடுத்த எட்டு. எதுவும் எரியாவிட்டால் வெறும் மிதி. விளக்கைப் பார்த்துப் பார்த்து அக்காவின் விரலே அந்த வேகத்துக்குப் பழகியிருந்தது. வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டே குத்துவார்.

அந்தப் பெட்டியின் ஃப்ளாப்பி டிரைவ்தான் முதலில் மக்கர் பண்ணியது. கரக் கரக் என்று இருமிவிட்டு, படிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். ஒரு நாள் அக்கா கடைக்கே வந்தார்.

"டிசைனெல்லாம் அந்த ஃப்ளாப்பிலதாம்பா இருக்குது. எந்தம்பி போட்டுக் குடுத்தது. ஒண்ணொண்ணா போய்க்கினே இருக்குது. வேற எதுலயாச்சும் எடுத்து வையேன்."

எனக்கு வாயெல்லாம் பல். இதற்காகத்தானே காத்திருந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து, ஃப்ளாப்பிகளைத் துடைத்துத் துடைத்துப் படிக்கவைத்து, இரண்டைத் தவிர எல்லா டிசைனையும் மீட்டேன். பழைய டிரைவைக் கழற்றி, அந்த இடத்தில் மெமரி கார்டில் ஓடும் புது டிரைவைப் பொருத்தினேன். நகத்தளவு கார்டுக்குள் அத்தனை மயிலும் யாளியும் கோபுரமும் போய் உட்கார்ந்தன. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதுக்குள்ளயா? எந்தம்பி பாத்திருந்தான்னா குதிச்சிருப்பான்" என்றார். கண் கலங்கியது. எனக்கும்தான். அந்த வேலை நல்ல வேலை. அதில் எனக்கு வெட்கம் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

என்னிடம் ஓர் ஆக்சிலரேட்டர் கார்டு சும்மா கிடந்தது. அதே வகைப் பெட்டிக்கானது. எனக்கென்று வைத்திருந்த பெட்டிக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அது வந்து சேர்வதற்குள் என் பெட்டியில் பிளக்கைத் தப்பாகச் சொருகி, நானே புகைய விட்டுவிட்டேன். பழைய புராசஸரைப் பிடுங்கிவிட்டு இந்தக் கார்டை அந்த இடத்தில் உட்காரவைத்தால் பெட்டி பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஓடும். ஓடி என்ன கிழிக்கப் போகிறது என்று கேட்காதீர்கள். குழுவில் காட்டலாம். காஞ்சிபுரத்தில் பட்டுத்தறிக்கு உழைக்கும் பெட்டி, அதில் என் கையால் பொருத்திய ஆக்சிலரேட்டர்! யாரிடம் இருக்கிறது அப்படி ஒன்று?

அக்காவிடம் கேட்கத்தான் கேட்டேன். "வேகமா ஓடறா மாதிரி ஒண்ணு இருக்குதுக்கா, மாட்டிப் பாக்கலாமா?"

"வேகமெல்லாம் வேணாம்பா. எங்கைக்கு இதான் கரெக்ட்டு."

தெளிவாகச் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அந்த வாரமே அக்கா ஐயம்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போனார். வழக்கம்போல் சாவியை என்னிடம் கொடுத்தார். "தண்ணி வந்தா புடிச்சு வைச்சிருப்பா" என்றார். தண்ணீர் பிடித்தேன். பிறகு பெட்டியைத் திறந்தேன்.

அரைமணி வேலை. கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டனைத் தட்டினால் டிசைன் டிவியில் குபுக்கென்று வந்து நின்றது. விளக்குகள் மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் ஓடின, யாராலும் குத்த முடியாது. ப்ரோகிராமைத் திறந்து பார்த்தேன். ஒரு எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் நடுவில், சும்மா எண்ணிக்கொண்டு காத்திருக்கும்படி ஒரு வரி இருந்தது. அந்த எண்ணைக் கூட்டினேன். பழைய நடை வந்துவிட்டது. கோபுரக் கரையை ஓடவிட்டு நாலு அட்டை பார்த்தேன். சரியாக இருந்தது. வீடியோ எடுத்தேன். கழற்றிவிடத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் ஓடுகிறதே, எதற்குக் கழற்ற வேண்டும் என்று ஒரு சோம்பல். சோம்பல் என்ன சோம்பல், திமிர்தான். வீடியோவுக்கு வந்த பாராட்டுகளைச் சோறு தின்னும்போதும் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்து பெட்டியைப் போட்டதுமே கேட்டார். "இன்னாப்பா, டிசைன் பட்டுனு வந்துட்டுது?"

"புது டிரைவுக்கா. அப்படித்தான் வரும்."

முதல் பொய். எவ்வளவு சுலபமாக வந்தது!

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், அடுத்த தெரு நெசவாளி ஒருவர் அட்டைக் கோவையைத் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் செல்போன். நான் அப்போது அங்கேதான் இருந்தேன், அக்காவின் டிவிக்கு வயர் மாற்றிக்கொண்டு. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"அக்கா, மயிலுக்குக் கால் இல்லக்கா."

போனில் படத்தைக் காட்டினார். அரக்குக் கரையில் ஜரிகை மயில். கழுத்து, தோகை, கொண்டை எல்லாம் அம்சமாக இருந்தது. இரண்டு காலில் ஒரு கால் இல்லை. ஒவ்வொரு மயிலுக்கும் இல்லை. முகூர்த்தப் புடவை அது. நெய்யும்போது புடவையின் முகம் கீழ்ப்பக்கம் இருப்பதால், குனிந்து கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அக்கா அட்டைதானே என்று அவர் பார்க்கவில்லை. ஒரு முழத்துக்கு மேல் போய்விட்டது. ஜரிகையைப் பிரித்தால் நைந்துவிடும், அத்தனையும் அறுத்துப் போட வேண்டியதுதான்.

அக்கா அட்டையை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். டிசைன் தாளை மடியில் விரித்து, ஒவ்வொரு அட்டையாகத் தூக்கி வெயிலில் பிடித்து, விரலால் தடவி எண்ணினார். கால் வரும் அட்டைகள் கிடைத்தன. ஒன்றிலும் அந்த ஓட்டை இல்லை.

"எங்கைதாம்பா" என்றார். "வெளக்கு எரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

கார்டு! முதலில் தோன்றியது அதுதான். நிச்சயமாகத் தெரியாது, ஆனால் தோன்றியது. அந்த நேரத்தில், 'அக்கா, இருங்க, நான் ஒண்ணு செஞ்சேன்' என்று வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். வந்தது வேறு.

"வயசாகுதில்லக்கா? கண்ணை ஒருவாட்டி செக் பண்ணிடுங்களேன்."

இதைச் சொன்னவன் நான். வேறு யார்மேலும் போட வழியில்லை. நெசவாளியும் தலையாட்டினார். "ஆமாக்கா, பாத்துக்கங்க" என்றார். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆமாம்பா, பாக்கணும்" என்றார். நான் கூசிப்போய் டிவி வயரைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். சாவி என்னிடம். அவர் தெருமுனை திரும்பியதும் உள்ளே போய் மயிலை ஓடவிட்டேன். பலகைக்கு முன்னால் உட்கார்ந்து விளக்குகளையே பார்த்தேன். கால் வரும் இடம் வந்தது. மற்ற ஏழும் அணைந்து எட்டாவது விளக்கு மட்டும் தனியாக எரிய வேண்டும். எரியவில்லை. திரும்ப ஓடவிட்டேன். எரியவில்லை. ஐந்து தடவை ஓடவிட்டேன்.

அப்புறம்தான் ப்ரோகிராமை முழுசாகப் படித்தேன். நான் மாற்றியது பெரிய காத்திருப்பை மட்டும். அதற்குக் கீழே இன்னொரு குட்டிக் காத்திருப்பு இருந்தது, விளக்குப் பலகை சேதியை வாங்கிக்கொள்வதற்காக. அதற்குப் பக்கத்தில் அக்காவின் தம்பி, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, பெட்டி மூச்சு விட நேரம் கொடு, இங்கே கை வைக்காதே என்று குறிப்பு எழுதியிருந்தார். கை வைக்கவில்லைதான். பெட்டியையே பத்து மடங்கு ஓட விட்டால் அந்த மூச்சு எங்கே இருக்கும்? நான் சோதித்த கோபுரக் கரையில் ஓட்டைகள் எப்போதும் கும்பலாக வரும். தனியாக ஒரு விளக்கு எரியும் இடமே அதில் இல்லை. மயிலின் அந்த ஒரு காலில்தான் உண்டு; அவசரத்தில் வந்த அந்த ஒற்றைச் சேதியைப் பலகை தவறவிட்டிருக்கிறது.

கார்டைப் பிடுங்கினேன். பழைய புராசஸரை வைத்தேன். எண்ணைக் குறைத்தேன். மயிலுக்குக் கால் வந்தது. எல்லாம் அக்கா திரும்பி வருவதற்குள் முடிந்தது. கேட்டால், தூசி தட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இனிமேல் தப்பு வராது, ஒரு புடவையோடு போயிற்று, மெதுவாக மறந்துவிடுவார்கள். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன்.

டாக்டர், கண்ணில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லி ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா நம்பவில்லை. "அவருக்கு இன்னா தெரியும்? மயில் கால நான் முழுங்கிட்டு உக்காந்துக்கினு இருக்கறேன்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கரை குத்திப் பார்த்தார். ஒவ்வொரு எட்டுக்கும் பெட்டியை நிறுத்தி, விளக்கை ஒன்று இரண்டு என்று எண்ணினார். பேச்சு போய்விட்டது. பாதியில் எழுந்துவிட்டார்.

தெருவும் சும்மா இருக்குமா? எங்கள் ஊரில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் உரித்து எடுக்க முடியாது. டீக்கடையில் ஒருத்தன் "நொண்டி மயில் அக்கா" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான் என் வீரம். கல்யாணப் புடவைக்கு முதல் மிதி மிதிக்க அக்காவைக் கூப்பிடுவது நின்றது. கைராசி போய்விட்டதாம். அட்டை வேலை, லேப்டாப் வைத்துக் குத்தும் கடைக்குப் போக ஆரம்பித்தது. அக்கா யாரையும் திட்டவில்லை. "நல்லதுதாம்பா, கண்ணு தெரியாதவ கையில எதுக்கு?" என்றார்.

தைப் பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது என்னைக் கூப்பிட்டார். பெட்டியையும் விளக்குப் பலகையையும் துடைத்து, பழைய புடவைத் துணியில் மூட்டை கட்டி வைத்திருந்தார்.

"எடுத்துக்கினு போப்பா. நீதான் இத ஒழுங்கா வச்சுக்குவ. எந்தம்பி சாமானு, தூக்கிப் போட மனசு வரல."

ஒரு காலத்தில் அந்தப் பெட்டி எனக்குக் கிடைக்காதா என்று ஏங்கியவன் நான். கிடைத்துவிட்டது. தெருவைக் கடந்து தூக்கிக்கொண்டு போனேன். பத்தடி தூரம். பிணம் தூக்கினவன் மாதிரி வியர்த்தது. கடையில் மேஜைக்குக் கீழே தள்ளினேன். ஆக்சிலரேட்டர் கார்டை அலமாரியில் ஒரு தீப்பெட்டிக் கட்டுக்குப் பின்னால் போட்டிருந்தேன். குழுவில் பேசுவதையும் நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரி, பைத்தியம் தெளிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் அக்கா கடைக்கு வந்தார். செல்போனை நீட்டினார்.

"இதுல எழுத்தப் பெருசு பண்ணிக் குடுப்பா. கண்ணுதான் போச்சே."

போனை வாங்கினேன். எழுத்தைப் பெரிதாக்கும் இடம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அன்றைக்கு விரல் போகவில்லை. திரையில் அவர் அனுப்பிய செய்திகள் இருந்தன. எழுத்தின் அளவு சின்னதுதான். அத்தனையும் தப்பில்லாமல் அடித்திருந்தார்.

"அக்கா, உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, வளைகாப்பு, வீடியோ, எட்டாவது விளக்கு, ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குப் பிடுங்கியது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அலமாரியிலிருந்து அந்தக் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன், திருட்டுச் சாமானை எடுத்து வைப்பது மாதிரி.

அக்கா கார்டைத் தொடவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

"அன்னிக்கி நீ அங்கதான நின்னுக்கினு இருந்த?"

"ஆமாங்கா."

"நான் வாசல்ல குந்திக்கினு ஓட்டைய எண்ணிக்கினு இருந்தேன்."

"ஆமாங்கா."

"கண்ணு செக் பண்ணுன்னு நீதான சொன்ன?"

அழுகை வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது ஆம்பளை, கடையில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். அக்கா அதைச் சட்டை செய்யவில்லை.

"எழுந்துரு. பெட்டியத் தூக்கு" என்றார்.

முதலில் அந்த நெசவாளி வீட்டுக்குக் கூட்டிப்போனார். தெரு வழியாக, வெயிலில், நான் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். தறி நின்றது. வீட்டிலிருந்தவர்கள் வந்து நின்றார்கள். "சொல்லு" என்றார் அக்கா. சொன்னேன். நெசவாளி பெருந்தன்மையாக, "பழைய கதைக்கா, இப்ப இன்னாத்துக்கு, வுடு" என்றார். "உனக்குப் பழசு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார் அக்கா. அடுத்து டீக்கடை. அங்கேயும் சொன்னேன். அந்தப் பெயரை வைத்தவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவனுக்கு நான் மட்டமாகிப் போனேன். நியாயம்தான்.

பெட்டியைப் பழைய இடத்தில் மாட்டிக் கொடுத்தேன். ஆடி முடிந்து ஆவணியில் வேலை திரும்ப வந்தது, எல்லாமும் இல்லை, கொஞ்சம். அதே நெசவாளிதான் முதலில் கொடுத்தார், இன்னொரு கல்யாணப் புடவைக்கு. மயில் கரையே வேண்டும் என்று கேட்டார். முதல் மிதிக்கு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். பூ வைத்துக்கொண்டு போனதைக் கடையிலிருந்து பார்த்தேன். என் பக்கம் திரும்பவில்லை.

சாவியை இப்போது பக்கத்து வீட்டில் கொடுக்கிறார். கேட்க எனக்கு வாய் ஏது?

போன வாரம் டிவி தெரியவில்லை என்று கூப்பிட்டு அனுப்பினார். போனேன். வயரைச் சரிசெய்து, விளக்குகளை ஓடவிட்டுக் காட்டினேன். எட்டும் ஒழுங்காக எரிந்தன. அக்கா நன்றாகத்தான் குத்துகிறார். ஆனால் பேசிக்கொண்டே குத்துவதில்லை. ஒரு கரை முடிந்ததும் எல்லா அட்டையையும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், தாளை மடியில் விரித்து, முதல் அட்டையிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார். ஒவ்வொரு கரைக்கும் இப்படித்தானாம். பாதிநாள் இதிலேயே போகிறது.

மனசு கேட்கவில்லை. "பெட்டி இப்ப சரியாத்தான இருக்குதுக்கா. உங்க கண்ணும் நல்லா இருக்குது. எதுக்கு எண்ணிக்கினு?" என்றேன்.

அக்கா கையிலிருந்த அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"நீ சொல்ற" என்றார். "நான் எண்ணிப் பாத்துக்கறேன்."